கேப்பிட்டல் வாசல்ல கச்சாங் பூத்தே வித்தவரோட மக எழுதுறேன்

வணக்கம்.

சிங்கப்பூர்ல ஸ்டாம்ஃபர்ட் ரோடும் நார்த் பிரிட்ஜ் ரோடும் சேர்ற முக்குல இருக்கிற கேப்பிட்டல் தியேட்டர இப்ப நிர்வாகம் பண்றவங்களுக்கும், தேசிய மரபுடைமைக் கழகத்துல பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பா இருக்கிற ஐயா அம்மாமாருக்கும் இந்த மடல். எனக்கு 67 வயசு. நான் பெரிய படிப்பாளியும் இல்ல, எந்தச் சங்கத்துலயும் பொறுப்புல இல்ல. எங்க அப்பா உங்க தியேட்டர் வாசல்ல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல கச்சாங் பூத்தே, அதாவது காகிதக் கூம்புல போட்டுக் குடுக்கிற கடலை, பட்டாணி வகையெல்லாம், வித்தாரு, அதான் எனக்கு இருக்கிற ஒரே தகுதி. கேக்கப் போறது ஒரு சின்ன விஷயம்தான், ஆனா அதக் கேக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை சொல்லியாகணும், பொறுத்துக்குங்க.

அப்பா மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துலேர்ந்து 1948ல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி வந்தவரு. பெரியப்பா ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னாடியே இங்க வந்துட்டாரு, அவரு சொல்ற சினிமாத் தியேட்டர் கதை வேற மாதிரி இருக்கும். ஜப்பான்காரன் காலத்துல கேப்பிட்டலுக்கு கியோ-ஏய் கெகிஜோன்னு பேரு மாத்தி வெச்சாங்களாம், பெரியப்பா அந்தப் பேர ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாரு, நாங்க சிரிப்போம். ஆனா கேத்தேயப் பத்திப் பேசும்போது மட்டும் சிரிக்க மாட்டாரு. 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்த அறிவிச்சது அந்தக் கேத்தே தியேட்டர்லதான், உள்ள போக இடமில்லாம வெளியில நின்ன கூட்டத்துல தானும் நின்னதா சொல்லுவாரு. சினிமாக் கொட்டகைன்னா எங்க குடும்பத்துக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லைங்க. ஒருத்தர் வாழ்க்கை ஒரு தியேட்டர் வாசல்ல மாறுச்சு, இன்னொருத்தர் வாழ்க்கை இன்னொரு தியேட்டர் வாசல்லயே ஓடுச்சு.

நாங்க இருந்தது தேக்கான்னு சொல்ற லிட்டில் இந்தியாவுல, நோரிஸ் ரோட்டுல ஒரு கடைவீட்டு மாடியில, பலகை அடிச்ச ஒரே ரூம்பு. காலையில நாலு மணிக்கெல்லாம் அம்மா கொண்டைக்கடலைய அவிய வெச்சுடுவாங்க. அப்பா வேர்க்கடலைய மணல்ல போட்டு வறுப்பாரு. பச்சைப் பட்டாணி, சீனிக்கடலை, முறுக்கு, ஓமப்பொடி, மரவள்ளி சிப்ஸ், முந்திரி எல்லாம் தனித்தனி டின்னுல இருக்கும், முந்திரி டின்ன மட்டும் அப்பா எங்க கைக்கு எட்டாத இடத்துல வெப்பாரு. எனக்கும் தம்பிக்கும் உள்ள வேலை கூம்பு சுத்துறது. பழைய டெலிபோன் டைரக்டரி பக்கத்தக் கிழிச்சு, முக்கோணமா மடிச்சு, அடியில ஒரு முறுக்கு முறுக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி அம்பது அம்பதா அடுக்கணும். டைரக்டரிதான் வேணும், அந்தப் பேப்பர் மெல்லிசு, மடிச்சா மடிச்ச மாதிரி நிக்கும். நியூஸ் பேப்பர்ல சுத்துனா மை கடலையில ஒட்டும்னு அப்பா வாங்க மாட்டாரு. அதுலயும் தமிழ் முரசு பேப்பர்ல யாராவது சுத்திக் குடுத்துட்டா அவ்ளோதான், சாரங்கபாணி ஐயா நடத்துற பேப்பர்டா அது, நீ கடலை தின்னு கசக்கிப் போடறதுக்கா அவரு ராத்திரி பூரா கண்ணு முழிக்கிறாருன்னு ஒரு வாரத்துக்குச் சொல்லிக்கிட்டே இருப்பாரு.

ஆரம்பத்துல தலையில தட்டு வெச்சுக்கிட்டு, கையில ஒரு மடக்குக் கட்டை வெச்சுக்கிட்டு நடந்தே போவாரு. நோரிஸ் ரோட்டுலேர்ந்து சிலிகி ரோடு வழியா பிராஸ் பசா தாண்டி ஸ்டாம்ஃபர்ட் ரோடு. அப்புறம்தான் ஒரு தள்ளுவண்டி வந்துச்சு. தேக்காவுலேர்ந்து அவ்ளோ தூரம் போய் எதுக்கு வெள்ளைக்காரன் படம் ஓடுற தியேட்டர் வாசல்ல நிக்கணும், நார்த் பிரிட்ஜ் ரோட்டுலயே ராயல் இருக்கு, டைமண்ட் இருக்கு, நம்ம படம் ஓடுது, நம்ம ஆளுங்க வர்றாங்கன்னு அம்மா கேப்பாங்க. அப்பா சொன்ன பதில் இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. "அங்க ஏற்கனவே நாலு பேரு நிக்கிறான். அதுவும் இல்லாம நம்ம ஆளு பத்துக் காசு குடுத்துட்டு, அண்ணே இன்னும் கொஞ்சம் போடுங்க, நம்ம ஊரு தானே நீங்கன்னு கேப்பான். இங்க வர்றவன் கேக்க மாட்டான்." சரி, நம்ம ஆளுங்களப் பத்தி அவரு சொன்னது உண்மைதான், நானே அப்படித்தான் இன்னிக்கும் மார்க்கெட்டுல கேக்கிறேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாசார் மலாய் மட்டும் நல்லா வரும். ஆனா எந்தப் படம் ஓடும், எந்தப் படம் ரெண்டே நாள்ல தூக்கிடுவாங்கன்னு கரெக்டா சொல்லிடுவாரு. முதல் ஷோ விட்டு வெளிய வர்றவங்க முகத்தப் பாத்தே கணக்குப் போடுவாரு. வேகமா பேசிக்கிட்டே வந்தா ஒரு மாசம், பேசாம வந்தா ரெண்டு வாரம், கொட்டாவி விட்டுக்கிட்டு வந்தா அடுத்த நாளைக்குக் கடலைய அரை மூட்டை கம்மி பண்ணு. சண்டைப் படத்துக்குப் பட்டாணி போகும், கடக் கடக்னு கடிக்கலாம் பாருங்க. காதல் படத்துக்கு சீனிக்கடலை. பேய்ப் படத்துக்கு எதுவும் போகாது, ஆனா படம் முடிஞ்சு வெளிய வந்ததும் வாங்குவாங்க, பயம் தெளியறதுக்கு. இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இருக்காது. இங்கிலீஷ் படத்துக்கு எடைவேளை கிடையாது, அதனால ஷோ தொடங்குறதுக்கு முன்னாடி உள்ள இருபது நிமிஷம்தான் வியாபாரம். பதினோரு மணி ஷோ, ஒண்ணரை மணி, நாலு மணி, அப்புறம் சாயங்காலம் ரெண்டு, சனிக்கிழமைன்னா நடுராத்திரி ஷோ வேற. அந்த இருபது நிமிஷத்துல அப்பா கை மெஷின் மாதிரி ஓடும். மிச்ச நேரமெல்லாம் அஞ்சடியில, அதாவது கட்டடத்து முன்னால உள்ள நடைபாதையில, உக்காந்து மேல இருக்கிற பேனரப் பாத்துக்கிட்டு இருப்பாரு. ஆளு உயரத்துக்கு ஒரு மூக்கு, ஒரு துப்பாக்கி, கையால வரைஞ்ச பேனரு, அதப் பாத்தே அவரா ஒரு கதையக் கட்டி ராத்திரி எங்களுக்குச் சொல்லுவாரு. அப்பா சொன்ன கதையில எல்லா வெள்ளைக்காரனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கும், அவளுக்குக் கல்யாணம் ஆகாம இருக்கும்.

1966ல எனக்கு எட்டு வயசு. டிக்கெட் கிழிக்கிற இடத்துல ஒரு மலாய்க்காரப் பாக்சிக் (மலாய்ல பெரியவர நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) இருந்தாரு, தினமும் அப்பாகிட்ட ஒரு கூம்பு கொண்டைக்கடலை அவருக்குப் போகும், காசு கிடையாது. ஒரு நாளு ஒண்ணரை மணி ஷோவுக்கு கூட்டமே இல்ல, விளக்கு அணைச்சதுக்கு அப்புறம் அவரு என்னையும் தம்பியையும் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி பின்னால ஒரு ஓரத்துல உக்கார வெச்சாரு. முதல்ல தெரிஞ்சது குளிருதான். நோரிஸ் ரோட்டு ரூம்புல ஃபேன் கூட கிடையாது, இங்க பல்லு கிடுகிடுன்னு ஆடுது. அடுத்து புகை. 1970லதான் தியேட்டருக்குள்ள சிகரெட் புடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி புரொஜெக்டர் வெளிச்சம் நீளமா வர்ற பாதையில புகை மேகம் மாதிரி நெளிஞ்சுக்கிட்டு இருக்கும், நான் ரொம்ப நேரம் படத்தப் பாக்காம அந்தப் புகையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திரைக்கு ரெண்டு பக்கமும் சுவத்துல இறக்கை வெச்ச குதிரை. தம்பி அது பறக்கப் போகுதுன்னு கடைசி வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தான். 1,600 பேரு உக்காரக்கூடிய இடம், அதுல நாங்க ரெண்டு பொடிசுங்க, முன்னால ஒரு அம்பது தலை.

படம் ஒண்ணும் புரியல. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் புள்ள, இங்கிலீஷ்ல எனக்கு அப்ப தெரிஞ்சது எஸ், நோ, தேங்க்யூ. கடலு, கப்பலு, ஒரு தாடிக்காரன் கத்துறான், ஒரு அம்மா அழுவுது. வெளிய வந்ததும் அப்பா என்னக் கேட்டாரு, "என்னாச்சு, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சா?" நானும் ஆச்சுப்பான்னு சொல்லிட்டேன். அன்னிக்கு ராத்திரி முழுக் கதையையும் நானே கட்டி அம்மாவுக்குச் சொன்னேன், அம்மா நடுவுல கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அந்தப் படம் என்ன படம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, தேடவும் இல்ல, தேடுனா நான் கட்டுன கதை போயிடும்.

அதுக்கப்புறம் காசு குடுத்தே போக ஆரம்பிச்சோம், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. கவுன்ட்டர்ல உள்ள அம்மா சீட்டுப் படம் போட்ட காகிதத்த முன்னால வெச்சிருப்பாங்க, பென்சிலால ஒரு கோடு போட்டு நம்ம சீட்டு நம்பர டிக்கெட்டுல கையால கிறுக்கிக் குடுப்பாங்க. முன் வரிசை கம்மி விலை, கழுத்து ஒடிஞ்சிடும். மாடிதான் ராஜா சீட்டு. சீனப் புத்தாண்டு சமயத்துல க்யூ கட்டடத்தச் சுத்திக்கிட்டுப் போகும், கள்ள டிக்கெட் விக்கிறவங்க வேற நடுவுல நடுவுல காதுகிட்ட வந்து விலை சொல்லுவாங்க. பக்கத்துலயே மக்னோலியா கடை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் சாப்பிடறவங்கள நாங்க இந்தப் பக்கம் நின்னு பாப்போம். படம் விட்டு நடந்தே வீட்டுக்கு வரும்போது ஸ்டாம்ஃபர்ட் ரோட்டுல சிவப்புச் செங்கல் லைப்ரரி, அதோட படியில உக்காந்து தம்பி செருப்புல உள்ள கல்லத் தட்டுவான். அந்த லைப்ரரிய 2004ல மூடி இடிச்சுட்டாங்க, இப்ப அங்க சுரங்கப் பாதையில காரு போகுது. அதப் பத்திப் பேச ஆரம்பிச்சா இன்னொரு மடல் எழுதணும், விடுங்க.

இப்ப ஒரு கூத்தையும் சொல்லிடறேன். 1981. எனக்கு 23, ஒரு ஆபீஸ்ல கிளார்க் வேலை. கப்பல் பட்டறையில வெல்டிங் பண்ற ஒருத்தர எனக்குப் புடிச்சுப் போச்சு, அவருதான் இப்ப எங்க வீட்டுக்காரரு. அவரு கேப்பிட்டல்ல படத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு அப்புறம்தான் என்கிட்ட சொல்றாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வேணாம், ரெக்ஸுக்குப் போலாம், கேத்தேக்குப் போலாம்னு எவ்ளோவோ சொன்னேன், காரணத்தச் சொல்ல வாய் வரல. சரி, பக்கவாட்டுல நுழைஞ்சிடலாம்னு முக்காடு போடாத குறையா போறேன், இவரு நேரா வாசலுக்குப் போயி எங்க அப்பாகிட்டயே ரெண்டு கூம்பு பட்டாணி கேக்கிறாரு! அப்பா என்னப் பாத்தாரு. இவரப் பாத்தாரு. மறுபடி என்னப் பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. பட்டாணிய எப்பவும் போல தலை தட்டிக் குடுக்காம, கூம்புக்கு மேல கோபுரம் மாதிரி குவிச்சு, முந்திரி டின்னத் தொறந்து மேல நாலு முந்திரி வேற வெச்சுக் குடுத்தாரு. இவரு உள்ள வந்து உக்காந்து, "அந்த மாமா ரொம்ப நல்ல மனுஷன், ஃப்ரீயாவே முந்திரி குடுக்கிறாரு"ங்கிறாரு. நான் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசல. ராத்திரி வீட்டுக்குப் போனா அப்பா சாப்பிட்டுக்கிட்டே அம்மாகிட்ட சொல்றாரு, "பயலுக்குக் கடலை புடிக்காது போலருக்கு, பட்டாணிதான் வாங்குறான்." இப்ப உள்ள பசங்க கடலை போடுறதுன்னு ஏதோ சொல்றாங்க, எங்க வீட்டுல அது நெசக் கடலை, வறுத்தவரே சாட்சி.

அப்பா வண்டிய நிறுத்துனது 1984ல. அந்தக் காலத்துல தெருவுல விக்கிறவங்க எல்லாரையும் அரசாங்கம் படிப்படியா அங்காடி நிலையத்துக்குள்ள, அதாவது கூரை போட்ட சாப்பாட்டுக் கடை வளாகத்துக்குள்ள, கொண்டு போச்சு, 1986 வாக்குல எல்லாம் முடிஞ்சது. அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அப்பாவும் சொல்லல. குழாயத் தொறந்தா தண்ணி வருது, மழை பேஞ்சா நனைய வேணாம், நல்ல ஏற்பாடுதான்னாரு. ரெண்டு மாசம் உள்ள உக்காந்து பாத்துட்டு, "எல்லாம் சரிதான், ஆனா இங்க யாரும் படத்துக்குப் போகலையே"ன்னாரு. சோறு திங்க வர்றவன் கடலை வாங்க மாட்டான், படம் பாக்கப் போறவனுக்குத்தான் கை சும்மா இருக்காது. கடைய விட்டுட்டு ஒரு புளோக்குல காவலாளி வேலைக்குப் போயிட்டாரு.

அந்த நேரத்துல தியேட்டர்களும் ஒண்ணொண்ணா மங்க ஆரம்பிச்சுடுச்சு. தேக்காவுல வீடியோ கேசட் கடை வந்தப்புறம் நம்ம ஜனங்க ஒரு கேசட்ட வாடகைக்கு எடுத்து அஞ்சு வீட்டுக்காரங்க சேந்து பாத்தாங்க, நாங்களும்தான். 1992ல ஈசூன்ல ஒரே இடத்துல பத்துத் திரையோட கோல்டன் வில்லேஜ் வந்துச்சு, வீட்டுக்குப் பக்கத்துலயே படம், பாப்கார்ன், பார்க்கிங். அவ்ளோ பெரிய ஒத்தைத் திரைத் தியேட்டர நிரப்புறதுக்கு யாரு டவுனுக்கு வருவா? கேப்பிட்டல 1987லயே அரசாங்கம் எடுத்துக்கிச்சு, படம் மட்டும் ஷா கம்பெனிக்காரங்க தொடர்ந்து ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, கடைசியா 1998 டிசம்பர் 29ஆம் தேதி மூடுனாங்க.

மூடுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி அப்பாவ நான் கூட்டிட்டுப் போனேன். சிட்டி ஹால் எம்ஆர்டியில இறங்கி மெதுவா நடந்தோம். இவ்ளோ வருஷத்துல அப்பா உள்ள உக்காந்து ஒரு முழுப் படம் பாத்ததே இல்லைங்க. ஒரு தடவை கூட இல்ல. ஷோ நேரத்துல பாத்திரம் கழுவணும், அடுத்த ஷோவுக்கு டின்ன நிரப்பணும், வண்டிய யாரு பாத்துக்கிறது. உள்ள போயி உக்காந்ததும் திரையப் பாக்கல, அண்ணாந்து மேல பாத்தாரு. அந்தக் கூரை வட்டத்துல சுத்தி ராசி உருவம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழிச்சு, "அது தேளா?"ன்னாரு. ஆமாம்ப்பா. "அப்ப விருச்சிகம். அதுக்கு முந்துனது துலாம், தராசு இருக்கா பாரு." எழுபது வயசுக்கு மேல ஆன மனுஷன் கழுத்த வளைச்சு வளைச்சு மகரத்தத் தேடுறாரு, அவரு ராசி அது. பன்னெண்டு ராசியும் உள்ள இருந்திருக்கு, நான் இவ்ளோ நாளும் வெளியில குந்திக்கிட்டு எந்த நேரத்துல நல்ல வியாபாரம்னு பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு இருந்தேனேன்னு சொல்லிச் சிரிச்சாரு. படம் தொடங்குனதும் பத்து நிமிஷத்துல தூங்கிட்டாரு. அவரு 2003ல போயிட்டாரு.

இப்ப உங்ககிட்ட வர்றேன்.

2007ல அந்தக் கட்டடத்தப் பாதுகாக்கப்பட்ட கட்டடமா அறிவிச்சாங்க, 2015ல புதுப்பிச்சுத் தொறந்தாங்க. அதுக்கு மனசார நன்றி சொல்றேன், உண்மையாவே. அப்ப ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிட்டு நானும் வீட்டுக்காரரும் வந்தோம். குதிரை அப்படியே இருக்கு, முன்னவிடப் பளபளன்னு இருக்கு. ராசி வட்டம் அப்படியே இருக்கு. 977 சீட்டு, தரையில உள்ள சீட்டு வரிசையெல்லாம் மெஷின்ல அப்படியே பொரண்டு தரைக்கு அடியில போயிடுமாம், வேணுங்கிறப்ப சமதரையா ஆக்கி விருந்து வெக்கலாமாம், கேக்கவே ஆச்சரியமா இருந்துச்சு. இசை நிகழ்ச்சி நடக்குது, நாடகம் நடக்குது, கல்யாணம், கம்பெனி விருந்து, எப்பவாவது ஒரு படவிழாவும் நடக்குது. எல்லாம் சரி. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில எந்த யோசனையும் இல்லாம, செருப்பு மாட்டிக்கிட்டு, ஒரு படம் பாத்துட்டு வரலாம்னு ஒரு சாதாரண ஆளு கெளம்பி வர முடியுதா? அது ஒண்ணு மட்டும் திரும்பி வரல. கோயிலப் புதுப்பிச்சுக் கும்பாபிஷேகம் பண்ணிட்டு, விசேஷ நாளுக்கு மட்டும் நடையத் தொறந்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கு எனக்கு.

நீங்க கேப்பீங்க, படம் போட்டா யாரு வருவா, கட்டுபடி ஆகுமான்னு. நியாயமான கேள்விதான். கேத்தேயோட முகப்பு 2003லயே தேசியச் சின்னம் ஆயிடுச்சு, ஆனாலும் 2022ல அங்க அவங்க படம் ஓட்டுறத நிறுத்திட்டாங்க. கோல்டன் மைல் டவர்ல பழைய தியேட்டர ஆசையா நடத்திக்கிட்டு இருந்த 'தி புரொஜெக்டர்'ங்கிற கம்பெனி 2025 ஆகஸ்ட்ல மூடிடுச்சு, அடுத்த மாசமே கேத்தே சினிமாக் கம்பெனியே மொத்தமா கதவச் சாத்திடுச்சு. எங்க தேக்கா வாசல்ல உள்ள ரெக்ஸ்ல பின்னால கொஞ்ச வருஷம் நம்ம தமிழ்ப் படம் ஓடுச்சு, முதல் நாள் முதல் ஷோவுக்கு விசில் சத்தம் மெக்கன்சி ரோடு முழுக்கக் கேக்கும், அதுவும் பழைய கதையாயிடுச்சு. அதனால தினமும் படம் போடுங்க, அஞ்சு ஷோ ஓட்டுங்கன்னு நான் பைத்தியக்காரி மாதிரி கேக்க மாட்டேன். மாசத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, காலையில பதினோரு மணி ஷோ, ஒண்ணே ஒண்ணு. அந்த நேரத்துல எப்படியும் உங்களுக்கு விருந்து இருக்காது, ராத்திரி நிகழ்ச்சிக்கு மேடை போடறதுக்கு மத்தியானம் வரைக்கும் டயம் இருக்கு. ஒரு மாசம் இங்கிலீஷ், ஒரு மாசம் மலாய், ஒரு மாசம் சீனப் படம், ஒரு மாசம் தமிழ்ப் படம்னு சுத்தி வரட்டும். நாலு மொழி நாடு நாமன்னு எல்லா மேடையிலயும் சொல்றோம், ஒரே சீட்டுல நாலு மொழியும் மாறி மாறி உக்காந்து பாத்தா என்ன? நான் எட்டு வயசுல புரியாத பாஷையில பாத்தேன், ஒண்ணும் கெட்டுப் போகல, இப்பதான் கீழ எழுத்து வேற வருதே.

டிக்கெட் விலைய மட்டும் கொஞ்சம் பாத்து வையுங்க. ராஜா சீட்டுக்கு எவ்ளோ வேணும்னாலும் வாங்கிக்குங்க, முன்னால நாலு வரிசைய மட்டும் அஞ்சு வெள்ளிக்கு (டாலருக்கு) விட்டுடுங்க. கழுத்து வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கும் என் வயசு ஆளுங்களுக்கும் அதுதான் சரியான இடம். இந்தத் தியேட்டர்ல எல்லா ஜாதி ஜனமும் ஒரே கூரைக்குக் கீழ உக்காந்ததுக்குக் காரணமே அந்த முன் வரிசைதான், அது இல்லாம போயிருந்தா துரைமாருங்க மட்டும் பாத்துட்டுப் போயிருப்பாங்க.

மரபுடைமைக் கழகத்துக்குத் தனியா ஒரு வார்த்தை. கேப்பிட்டலோட சரித்திரம்னு சொல்ல வந்தா 1930ல கட்டி முடிச்ச நமாசி குடும்பத்துலேர்ந்து தொடங்குவாங்க, கட்டடத்துக்குப் பிளான் வரைஞ்ச கீஸ், டவுட்ஸ்வெல் கம்பெனி, அப்புறம் யுத்தம் முடிஞ்சு வாங்குன ஷா சகோதரர்கள். எல்லாரும் இருக்க வேண்டியவங்கதான், ஒருத்தரையும் எடுக்கச் சொல்லல. ஆனா டிக்கெட் கிழிச்ச பாக்சிக், கையால பேனர் வரைஞ்ச சீனத்து ஆளுங்க, காரப் பாத்துக்கிட்ட பஞ்சாபி ஜகா (காவலாளி), கடலை வித்த தமிழன், இவங்கள எங்க வெக்கிறது? 2020ல நம்ம அங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுன அன்னிக்கு நான் டிவி முன்னால உக்காந்து கை தட்டுனேன். கை தட்டிட்டு, அப்பா இதுல சேத்தியா இல்லையான்னு யோசிச்சேன். அவரு அங்காடி நிலையத்துல இருந்தது மொத்தமே ரெண்டு மாசம். மிச்சம் இருபத்தஞ்சு வருஷம் அஞ்சடியில. ஒரு சின்னப் பலகை, வாசப்பக்கம், அவரு நின்ன தூணுகிட்ட. பேரெல்லாம் போட வேணாம், அவருக்கே கூச்சமா இருக்கும். இங்க கச்சாங் பூத்தே வித்தாங்கன்னு நாலு மொழியில நாலு வரி போதும். வெறும் பலகைய மட்டும் மாட்டிட்டு ஷோ போடாம விட்டுடாதீங்க, அதுக்குப் பலகை இல்லாமலே இருக்கலாம்.

ஷோ போடற அன்னிக்கு வாசல்ல ஒரு தள்ளுவண்டிக்கு மட்டும் அனுமதி வாங்கிக் குடுத்தீங்கன்னா மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம். லைசன்ஸ், சுத்தம், கையுறை, எந்த வகுப்புக்குப் போய்ப் படிச்சுப் பாஸ் பண்ணணும்னாலும் சொல்லுங்க, தம்பி மவன் சமையல் படிச்சவன்தான், அவன் வறுக்கிறேங்கிறான். மணல்ல வறுக்கத் தெரியுமான்னு கேட்டேன், யூடியூப்ல பாத்துக்கிறேங்கிறான், அந்தக் கொடுமைய நான் பக்கத்துல நின்னு சரி பண்ணிடுவேன். வீட்டுக்காரரு பட்டாணி டின்னுக்குப் பொறுப்பு. முந்திரி டின்னு என் கையில இருக்கும். கூம்பு நான் இப்பவும் கண்ண மூடிக்கிட்டுச் சுத்துவேன், ஒரு மணி நேரத்துல இருநூறு.

டெலிபோன் டைரக்டரிதான் இப்ப எங்கயும் கெடைக்க மாட்டேங்குது. உங்க பழைய ஸ்டோர் ரூம்பு எதுலயாவது ரெண்டு மூணு கெடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க, சொல்லி அனுப்புங்க, நானே எம்ஆர்டியில வந்து எடுத்துக்கிறேன்.